மாவட்டம் பிரிந்தால் விதி மாறுமா?

கணிப்பொறிக்கு ஒரு விதியைக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால், அந்த விதியை முதலில் நாம் சரியாகப் படிக்க வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர்.

இந்த ஊரைச் சுற்றி மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். இவர்கள் தமிழ் பேசுபவர்கள்; கேரளத்து மலையாளிகள் அல்லர். இவர்களில் ஒரு மாணவி கல்லூரிக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். கணிப்பொறித் திரையில் 'மலையாளி' என்ற இனத்தையும் 'திருவண்ணாமலை' என்ற மாவட்டத்தையும் தேர்ந்தெடுக்கிறாள். இரண்டும் பொருந்துமா? 'பொருந்தாது' என்று கணிப்பொறி தள்ளிவிட்டால், பழங்குடியினருக்குத் தமிழ்நாட்டில் உள்ள 1 சதவீத ஒதுக்கீட்டில் அவள் பெயர் சேராது.

விதி சொல்வது என்ன?

பழங்குடியினர் பட்டியல் 1950-இல் குடியரசுத் தலைவர் ஆணையாக வந்தது, 1976-இல் திருத்தப்பட்டது. அதன்படி தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய 6 மாவட்டங்களில் மட்டுமே மலையாளிகள் பழங்குடியினர்.

திருவண்ணாமலை இதில் இல்லை! ஏனெனில் அது 1989-இல்தான் வடஆர்க்காட்டிலிருந்து பிரிந்தது. ஆறு பெயர்களை அப்படியே நிரலில் எழுதினால் நம் மாணவி வெளியே நிற்பாள்.

சரி, 'அல்லது திருவண்ணாமலை' என்று சேர்த்துவிடலாமா? பிறகு நாமக்கல் (1997), கிருஷ்ணகிரி (2004), கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர் (2019) என்று 'அல்லது' நீண்டுகொண்டே போகும். ஒரு பெயர் விடுபட்டாலும் ஒரு மலையே விடுபடும்.

விடை ஆணையிலேயே இருக்கிறது. அதில் சொல்லப்படும் மாவட்டம், 1976 மே 1-ஆம் நாள் இருந்தபடியான மாவட்டம். ஆகவே, 'இந்த ஊர் இன்று எந்த மாவட்டம்?' என்று கேட்கக் கூடாது. 'அன்று எந்த மாவட்டம்?' என்றே கேட்க வேண்டும்.

நிரல் எழுதும் முறை

பட்டியலில் உள்ள விதிகள் மூன்று வகை. இருளர், மாநிலம் முழுவதும் பழங்குடியினர்: 'எங்கும்'. மலையாளிகள், குறிப்பிட்ட மாவட்டங்களில்: 'இங்கு மட்டும்'. தோடர், கன்னியாகுமரி மாவட்டமும் திருநெல்வேலி மாவட்டத்துச் செங்கோட்டை வட்டமும் தவிர மற்ற இடங்களில்: 'இங்கு நீங்கலாக'.

1. ஒவ்வோர் இனத்திற்கும் அதன் விதி வகையையும் இடங்களையும் ஓர் அட்டவணையாக எழுதுங்கள்.

2. ஒவ்வோர் ஊருக்கும் 1976-இல் இருந்த மாவட்டத்தையும் வட்டத்தையும் மற்றோர் அட்டவணையில் எழுதுங்கள்.

3. பிறகு ஒரே ஒரு சிறிய செயற்கூறு போதும். 'எங்கும்' எனில் பொருந்தும். 'இங்கு மட்டும்' எனில், ஊரின் பழைய இடம் விதியின் பட்டியலில் இருந்தால் பொருந்தும். 'இங்கு நீங்கலாக' எனில், இல்லாவிட்டால் பொருந்தும்.

பட்டியலில் ஒரு பெயர் உள்ளதா என்று பார்க்க ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 'இன்க்ளூட்ஸ்' என்ற கட்டளை உண்டு. அதன் விடையைத் தலைகீழாக்க முன்னால் ஓர் ஆச்சரியக்குறி (!) போட்டால் போதும். நாளை இன்னொரு மாவட்டம் பிரிந்தாலும் இந்த நிரலில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை!

கணிப்பொறியால் ஆகாதது

இனி ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைக்கு வாருங்கள். அங்கும் மலையாளிகள் வாழ்கின்றனர். ஆனால் 1976-இல் அந்த மலை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஈரோடு பிரிந்தது 1979-இல். கோயம்புத்தூர் அந்த ஆறில் இல்லை. எனவே பிழையில்லாத நிரலும் 'பொருந்தாது' என்றே சொல்லும். தங்களையும் பட்டியலில் சேர்க்குமாறு அம்மக்கள் பல ஆண்டுகள் கோரி வந்திருக்கிறார்கள். இது நிரலின் குறை அன்று, விதியின் எல்லை. அதை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கே உண்டு. அதன்பின் நாம் மாற்ற வேண்டியது அட்டவணையில் ஒரு வரிதான்.

செய்து பாருங்கள்: செங்கோட்டை இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. 'தோடர் – செங்கோட்டை' என்று கொடுத்தால் உங்கள் நிரல் என்ன விடை தர வேண்டும்? ஏன்?