இருபத்தொன்று ஆடத் தெரியுமா?

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையையோ பெண்ணையோ பார்க்கப் போகிறவர்கள், அப்படியே லாஸ் வேகாஸையும் ஒரு நடை பார்த்துவிட்டு வருவது இப்போது சகஜமாகிவிட்டது. அங்கே சூதாட்ட விடுதிகளில் துணி விரித்த மேஜைகளைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். 'பிளாக்ஜாக்' என்னும் சீட்டாட்டம் அது. வேடிக்கை பார்ப்பதற்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆட்டம் வெகு சுலபம். உங்களுக்கு இரண்டு சீட்டு. சீட்டுப் போடுகிறவருக்கும் இரண்டு. அவருடைய சீட்டில் ஒன்று மட்டும் திறந்திருக்கும். ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் 10 புள்ளி. ஆஸுக்கு 1 அல்லது 11, எது சௌகரியமோ அது. மற்றவற்றுக்கு அதனதன் எண். 21-ஐத் தாண்டாமல் அவரைவிட அதிகம் வைத்திருந்தால் ஜயம் உங்களுக்கு. போதாதென்றால் இன்னும் சீட்டுக் கேட்கலாம். தாண்டினால் பணம் போயிற்று. அவருக்கோ யோசனையே கிடையாது. 16 வரை எடுத்தே ஆகவேண்டும். பொதுவாக 17 வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

"அவரைப் போலவே நானும் ஆடினால் இருவரும் சமம்தானே?" என்று கேட்பீர்கள். சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது! முதலில் எடுக்கிறவர் நீங்கள். நீங்கள் தாண்டியதுமே உங்கள் பணத்தை வாரிக்கொண்டுவிடுவார்கள். பிறகு அவரும் தாண்டினால்கூட அது திரும்பி வராது. இப்படி இருவரும் தாண்டுவது நூறு ஆட்டத்தில் சுமார் எட்டு. எட்டும் விடுதிக்கே!

1956-ல் அமெரிக்க ராணுவத்திலிருந்த நான்கு பேர், மேஜைக் கணக்கு யந்திரங்களைத் தட்டித் தட்டி, எப்போது எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று கண்டு சொன்னார்கள். உங்களிடம் ஒரு 10-ம் ஒரு 6-ம் இருக்கின்றன. அவரிடம் 6 தெரிகிறது. எடுக்காதீர்கள், நூற்றுக்கு நாற்பது தடவைக்கு மேல் அவரே தாண்டிவிடுவார். அவரிடம் 10 தெரிந்தாலோ, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு எடுக்கத்தான் வேண்டும்.

இதனால் லாபம் வருமா? அதுதான் இல்லை! ஆட்டத்துக்கு 10 டாலர் வீதம் மணிக்கு 60 ஆட்டம் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் போலவே ஆடினால் சராசரி நஷ்டம் சுமார் 33 டாலர். அந்த நால்வர் கணக்குப்படி, விதிகள் நல்ல மேஜையில் ஆடினால் சுமார் 3 டாலர். நஷ்டம் குறையும், நீங்காது.

1962-ல் எட்வர்டு தார்ப் என்ற கணித நிபுணர், வெளியான சீட்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் விடுதியையே ஜயிக்கலாம் என்று புத்தகம் போட்டார். விடுதிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆறு, எட்டுக் கட்டுகளை ஒன்றாகக் கலந்தார்கள். கணக்குப் போடுகிறவரைக் கண்டால் எழுந்து போகச் சொன்னார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கைபேசியில் காசு கட்டி ஆடும் சபலம் தட்டியிருக்கிறதா? கடிந்துகொள்ளாதீர்கள். ஆளுக்கு நூறு புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டு, நீங்களே சீட்டுப் போடுகிறவராக உட்காருங்கள். முதல் நாள் அவன் ஜயிக்கலாம். விடுமுறை முடிவதற்குள் கொட்டை எந்தப் பக்கம் குவிகிறது என்பதை அவனே பார்த்துக்கொள்ளட்டும்!