மடியில் குழந்தை, பட்டை எங்கே?

நாகர்கோவிலிலிருந்து கல்யாணத்துக்கு ஒரு கார் புறப்படுகிறது. முன்னிருக்கையில் பெரியவர், மடியில் பேரன். பின்னே நான்கு வாலிபர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆரல்வாய்மொழியில் போலீஸ் நிற்குமே என்று பெரியவர் பட்டையை இழுத்து நெஞ்சின்மேல் பிடித்துக்கொள்கிறார், மாட்டவில்லை. பேரனுக்கு? தாத்தாவின் கைதான் காவலாம்!

தோழர்களே, நம் மாநாட்டுக்கு வரும் கார்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கா? கொடி கட்டத் தெரிந்த நமக்கு, சீட் பெல்ட் என்னும் அந்தப் பட்டையைக் கட்டத் தெரியவில்லை.

விளவங்கோட்டில் பனையேறும் தொழிலாளியைக் கேளுங்கள். தளைநார் இல்லாமல் அவர் மரத்தில் கால் வைப்பாரா? 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதுவது, சுமார் 32 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கார் நின்றுவிடும், உள்ளே இருக்கும் பிள்ளை நிற்பதில்லை. முகப்பு நசுங்கி இரண்டடியில் கார் நின்றால், 10 கிலோக் குழந்தை 150 கிலோ மூட்டைபோல் கையைப் பிய்த்துக்கொண்டு பாயும். எந்தத் தாத்தாவின் கை அதைத் தாங்கும்?

தோளிலும் இடுப்பிலும் பிடிக்கும் இன்றைய பட்டையை 1959-ல் சுவீடனில் வோல்வோ கம்பெனியின் பொறியாளர் நீல்ஸ் போலின் அமைத்தார். மற்றக் கம்பெனிகளும் அதைச் செய்துகொள்ள வோல்வோ வழிவிட்டது. இலாபமே குறியான உலகில் இப்படியும் ஒன்று நடந்தது, அதை மறைப்பானேன்?

"பின்னால் இருப்பவனுக்கு எதற்கு?" என்கிறார்கள். 2022 செப்டம்பர் 4-ல், மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே, கோடீசுவரர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பாலத்தில் மோதியது. முன்னிருந்த இருவர் பிழைத்தனர். பின்னிருந்த இருவரும் மாண்டனர். அவர்கள் பட்டை அணியவில்லை என்றது போலீஸ். அதே 2022-ல் பட்டை அணியாமல் இந்தியாவில் மாண்டவர் 16,715 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அதில் 8,331 பேர் ஓட்டியவர்கள் அல்லர், உடன் வந்தவர்கள்!

2019-ல் திருத்தப்பட்ட சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பட்டையின்றி ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. ஓட்டுகிறவர்மேல்தான் அது முதலில் விழும். கூலிக்கு ஓட்டும் தொழிலாளிக்கு அது எத்தனை நாள் கூலி?

கட்டுகளை அறுக்கப் பிறந்த நம்மைக் கட்டிக்கொள்ளச் சொல்வதா என்று ஒரு தம்பி கேட்டார். மெல்ல இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். ஒரு பொத்தானை அமுக்கினால் விடுதலை. எந்த விலங்கு அப்படி, தம்பி?

நாலரை அடிக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெரியவர் பட்டை கழுத்தில் ஏறும். அதற்கென்று தனி இருக்கை உண்டு. விலை அதிகந்தான். கிளைக்கு ஒன்று வாங்கி வைத்து, தேவைப்படும் தோழருக்குக் கொடுக்கலாமே! குழந்தையை மடியில் வைத்து இருவரையும் ஒரே பட்டையில் கட்டுவது மட்டும் கூடவே கூடாது. பெரியவரின் பாரமே பிள்ளையை நசுக்கிவிடும்.

இன்னொன்று. வாடகைக் கார்கள் பலவற்றில் பின்னிருக்கைப் பட்டையின் பூட்டு சீட்டு உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அடுத்த மாநாட்டுக்கு வண்டி பேசும்போது, வாடகையைக் கேட்பதற்கு முன் அந்த உறையைத் தூக்கிப் பாருங்கள்.