இலங்கை மலையகத்தில் மிதிவண்டிப் பயணம்: முன்பணம் கட்டும் முன்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 2,524 மீட்டர். நம் பாட்டனார்கள் கூண்டில் நின்று இறங்கிய ஆழத்திற்குள் அந்த மலையை நிறுத்தினால் அதன் உச்சி வெளியே தெரியாது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று தங்கவயலின் இளைய தலைமுறையில் பலர் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள். அந்நகரத்து அலுவலகங்களில் வேரூன்றியுள்ள ஞாயிற்றுக்கிழமை மிதிவண்டிப் பழக்கம் அவர்களையும் தொற்றிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை. அவ்வாறு ஓட்டத் தொடங்கியவர்களின் பார்வை இரண்டொரு ஆண்டுகளில் மலைப்பாதைகளை நோக்கித் திரும்புகிறது. கடல் கடந்த ஒரு மலைநாட்டில் ஓட்ட வேண்டும் என்று விரும்புவோர்க்கு மிக அருகில் இருப்பது இலங்கை. பெங்களூரிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஆகிறது. சாலையில் இடப்பக்கம் செல்லும் வழக்கமும் நம் நாட்டைப் போன்றதே.

இத்தகைய பயணங்களை நடத்தித் தரும் நிறுவனங்கள் பல உள்ளன. அவை வழிகாட்டி ஒருவரையும், பின்தொடரும் வேன் ஒன்றையும், தங்குமிடங்களையும், பெரும்பாலும் மிதிவண்டியையும் சேர்த்து ஒரே கட்டணத்தில் தருகின்றன. பெட்டியை வேன் சுமக்கிறது. பயணி தண்ணீர்ப் புட்டியையும் மழை அங்கியையும் மட்டும் சுமக்கிறார். விளம்பரங்களில் தேயிலைத் தோட்டமும் அருவியும் புன்னகையும் நிறைந்திருக்கும். அவை பொய்யல்ல. எனினும் நன்றாக ஓட்டக்கூடிய நாளில் வழிகாட்டிக்கும் வேனுக்கும் பெரிய வேலை இராது என்பது நம் கருத்து. கால் தசை பிடித்துக்கொள்ளும் நாளிலும், மூடுபனி இறங்கும் மாலையிலும், சாலையில் மண் சரிந்து கிடக்கும் காலையிலும்தான் நாம் கட்டிய தொகையின் மதிப்பு தெரியவரும். ஆகவே அந்த நாளில் நிறுவனம் என்ன செய்யும் என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டறிவது நல்லது.

கேள்விகள் எளியவை. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? முன்னால் செல்பவர்க்கும் பின்தங்குபவர்க்கும் இடைவெளி பெருகினால் யார் யாருடன் இருப்பார்? வேன் குழுவின் பின்னாலேயே வருமா, அல்லது மதிய உணவு இடத்தில் காத்திருக்குமா? வேனில் ஏறிக்கொள்ள விரும்புபவர் எந்த இடத்திலும் ஏறலாமா? குழுவினர் அனைவரும் ஒரே நேரத்தில் ஏற வேண்டி வந்தால் இருக்கையும் மிதிவண்டிகளுக்கு இடமும் போதுமா? மழை கடுமையானால் அன்றைய ஓட்டத்தை நிறுத்தும் முடிவு யாருடையது? இவற்றுக்குத் தெளிவான விடை எழுத்தில் வந்தால் அந்நிறுவனம் இத்தகைய நாட்களைப் பார்த்திருக்கிறது என்று கொள்ளலாம். ‘எல்லாம் பார்த்துக்கொள்வோம்’ என்ற ஒற்றை வரி வந்தால் மீண்டும் கேட்க வேண்டும்.

அடுத்து, பாதையைப் பற்றிய எண்களைப் படிக்கும் முறை. மலையகப் பயணங்களில் பலவும் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் சாலையை உள்ளடக்கியவை. கண்டி சுமார் 500 மீட்டர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடைத்தொலைவு ஏறத்தாழ 77 கிலோமீட்டர். கணக்கிட்டால் சராசரிச் சரிவு இரண்டு விழுக்காட்டிற்கும் குறைவு. அதாவது நூறு மீட்டர் சென்றால் இரண்டு மீட்டர் கூட உயரவில்லை. இவ்வளவுதானா என்று தோன்றும். இந்தச் சராசரி நம்மை ஏமாற்றுகிறது. பேராதனை வழியாகக் கம்பளை வரை சாலை பெரும்பாலும் சமமாகவே செல்கிறது. அதன்பின் புசல்லாவை வரை ஏறி, சற்று இறங்கி, 109 மீட்டர் உயரமுள்ள ரம்பொடை அருவியைக் கடந்த பிறகுதான் கொண்டை ஊசி வளைவுகளாக எழுகிறது. காலையின் எளிய கிலோமீட்டர்களில் வலிமையைச் செலவிட்டவர் மதிய வெயிலில் அந்த வளைவுகளைச் சந்திப்பார். எனவே பயணத் திட்டத்தில் நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் பார்ப்பது போதாது. மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், அது நாளின் எந்தப் பகுதியில் வருகிறது, மிகச் செங்குத்தான கிலோமீட்டரின் சரிவு எத்தனை விழுக்காடு என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

தங்கவயலில் வாழ்வோர்க்கு இதை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் அருகிலேயே உண்டு. 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலையின் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏழெட்டு கிலோமீட்டர் சாலையில் ஏறுவது பெங்களூர் ஓட்டிகளுக்குப் பழகிய பயிற்சி. கண்டி–நுவரெலியா நாளின் ஏற்றம் அத்தகைய நந்தி மலைகள் ஏறத்தாழ மூன்றை ஒரே நாளில் ஏறுவதற்கு இணையானது. 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரிச் சாலையும் நமக்குத் தொலைவன்று. சனிக்கிழமை ஏலகிரி ஏறி, ஞாயிறன்று களைத்த கால்களுடன் மீண்டும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். பயணத்தில் உடலைச் சோதிப்பது முதல் நாளன்று. அடுத்தடுத்து வரும் நாட்களே. நேரே இலங்கைக்குச் செல்லத் தயங்குவோர், 2008 முதல் நடத்தப்பட்டுவரும் ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ போன்ற துணைவண்டியுடன் கூடிய பயணம் ஒன்றில் முதலில் கலந்துகொள்ளலாம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொள்வதைத் தவிர்க்க வேண்டாம்.

நிறுவனம் தரும் மிதிவண்டியைப் பற்றி ஒன்றே ஒன்று: மிகத் தாழ்ந்த கியரில் பின்சக்கரப் பல்வட்டின் பற்கள் முன்வட்டின் பற்களுக்கு இணையாகவோ நெருக்கமாகவோ இருக்க வேண்டும். முன்னால் 34, பின்னால் 32 அல்லது 34 என்றால் போதும். பந்தய வீரர்களுக்கான கியர் அமைப்பு நம்மைப் போன்றவர்களுக்கு முழங்கால் வலியையே தரும்.

ஏற்றத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர். இறக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் சிலரே. உயிருக்கு ஆபத்து இறக்கத்தில்தான் அதிகம். எல்லவிலிருந்து வெல்லவாய வரை 27 கிலோமீட்டரில் சாலை எண்ணூறு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. 2025 செப்டம்பர் 4 இரவில் அதே சாலையில் சுற்றுலாப் பேருந்து ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், மே 11 அன்று, ரம்பொடைக்கு அருகே கெரண்டி எல்லவில் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சுறுத்துவதற்காக இவற்றைக் கூறவில்லை. அந்தச் சாலைகளின் இயல்பு அது. கனரக வண்டிகளே தடுமாறும் வளைவுகளில் மிதிவண்டிக்காரர் செய்யக்கூடியது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது. வளைவுக்குள் சென்றபின் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். இரு பிரேக்குகளையும் ஒன்றாக, விட்டு விட்டு அழுத்த வேண்டும். தொடர்ந்து அழுத்தினால் அவை சூடேறித் திறன் இழக்கும். வட்டுப் பிரேக் உள்ள மிதிவண்டியைக் கேட்டுப் பெறுவது மழைநாளில் பெருந்துணை. இருட்டிய பின் ஓட்டம் இல்லை என்பதை நிறுவனம் விதியாகவே வைத்திருக்க வேண்டும். நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 டிகிரி அளவே. வியர்வையில் நனைந்த சட்டையுடன் இறங்கத் தொடங்கினால் விரல்கள் விறைத்துப் பிரேக்கைப் பிடிக்க இயலாமற் போகும். மெல்லிய காற்றுத்தடுப்பு அங்கியும் முழுவிரல் கையுறையும் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பருவம் பற்றி. மலையகத்தின் மேற்குச் சரிவில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஆண்டின் இறுதி மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் புயல்களும். பிப்ரவரி, மார்ச் மாதங்களே பொதுவாக ஏற்றவை. ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக் கூட்டம் நுவரெலியாவை நிறைத்துவிடும். அறை வாடகையும் சாலை நெரிசலும் ஏறும். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலின்போது மலையகத்தில் நிலச்சரிவுகள் ஏற்பட்டுப் பலர் உயிரிழந்தனர், சாலைகள் துண்டிக்கப்பட்டன. இத்தகைய சூழலில் பயணத்தை நிறுவனமே நிறுத்தினால் பணம் திரும்புமா, வேறு தேதிக்கு மாற்றப்படுமா, நாம் நிறுத்தினால் எத்தனை நாட்களுக்கு முன் எவ்வளவு கழிக்கப்படும் என்பவை ஒப்பந்தத்தில் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இனி வங்கி தொடர்பானவை. இலங்கை நிறுவனம் எனில் அது இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். தொகையை நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கிற்கே செலுத்துங்கள். ‘இன்றே கட்டினால் தள்ளுபடி’ என்று கூறித் தனிநபர் கணக்கு எண்ணைத் தருபவருக்கு எக்காரணம் கொண்டும் அனுப்ப வேண்டாம். கட்டணம் டாலரில் குறிப்பிடப்பட்டிருந்தால் முன்பணத்திற்கும் மீதித் தொகைக்கும் இடையில் மாற்று மதிப்பு மாறக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இந்தியாவில் வசிக்கும் ஒருவர், தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். நிரந்தரக் கணக்கு எண் (பான்) கட்டாயம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை இந்திய முகவரிடம் வாங்கினால், அவர் மூலத்தில் வசூலிக்கும் வரியையும் சேர்த்துப் பெறுவார். இதற்கான உச்சவரம்பு 2025 ஏப்ரலில் 7 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. விகிதங்கள் வரவு செலவுத் திட்டங்களில் மாறுவதால், பணம் செலுத்தும் நாளில் நடப்பிலுள்ள விகிதத்தைக் கிளையில் கேட்டறிவதே முறை. பலர் இதைத் திரும்பாத செலவு என்று எண்ணிவிடுகிறார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையெனில் திரும்பப் பெறலாம். கையில் உள்ள சேமிப்பு முழுவதையும் கட்டணத்திற்கே ஒதுக்கிவிட்டவர்க்கு இத்தொகை இடையில் முடங்கிக் கிடக்கும் என்பதுதான் சிக்கல்.

அட்டை வைத்திருப்போர் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தாமே இயக்கிவைக்க வேண்டும். செலவு வரம்பையும் அப்போதே குறிப்பிட்டுவிடலாம். கடையில் இந்திய ரூபாயிலா, இலங்கை ரூபாயிலா என்று கருவி கேட்டால் இலங்கை ரூபாயைத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் பக்கம் செய்யப்படும் மாற்றத்தின் விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டமே. 2024 பிப்ரவரி 12 முதல் நம் யூபிஐ இலங்கையிலும் செல்லுபடியாகிறது. இருப்பினும் மலைச்சாலைத் தேநீர்க்கடைக்குக் கைக்காசே துணை.

காப்பீட்டில்தான் மிகுந்த கவனம் தேவை. சாதாரணப் பயணக் காப்பீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கும். பொதுச்சாலையில் நாள்தோறும் மிதிவண்டி ஓட்டும் பயணம் அந்த விலக்கில் அடங்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, விடையைப் பாதுகாத்து வையுங்கள். தொலைபேசியில் கிடைத்த உறுதிமொழி இழப்பீடு கோரும் நாளில் உதவாது. மலையிலிருந்து கண்டி அல்லது கொழும்பு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவும், வாடகை மிதிவண்டிக்கு நேரும் சேதமும் அடங்குமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். நுழைவு அனுமதி விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை; இலங்கை அரசின் இணையதளத்தில் மட்டும் சரிபார்க்கவும்.

தங்கவயலார்க்கு இப்பயணத்தில் மற்றவர்க்குக் கிட்டாத ஒன்று கிட்டும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் தங்கம் தோண்டியது. பெயர் ஒற்றுமை தற்செயலே. ஆனால் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து ஒரு சாரார் சுரங்கத்திற்கும் மறுசாரார் தேயிலை மலைக்கும் சென்றது அக்காலத்துப் பஞ்சமும் பிழைப்பும் சேர்ந்து எழுதிய ஒரே வரலாறு. அவர்கள் குடியிருந்த நீண்ட வரிசை வீடுகளை நாம் ‘லைன்’ என்கிறோம். அங்கே ‘லயம்’ என்கிறார்கள். ஆகவே புசல்லாவையிலோ அப்புத்தளையிலோ வண்டியை நிறுத்தி, “அக்கா, ஒரு தேத்தண்ணி கிடைக்குமா?” என்று தமிழில் கேட்டால் உங்கள் ஊர் எது என்ற கேள்வி உடனே வரும். கொழுந்து பறிப்பவர்களுக்கு நிறுத்திப் பேசுவதற்கு நேரம் இருக்காது. அவர்கள் ஊதியம் எடைக்கணக்கோடு பிணைந்தது. படம் எடுக்க விரும்பினால் முதலில் கேளுங்கள். பயணத் திட்டத்தில் தோட்டக் குடியிருப்பு ‘காட்சி இடம்’ என்று குறிக்கப்பட்டிருந்தால், அங்கு உள்ளவர்களின் ஒப்புதல் பெறப்பட்டதா என்று வழிகாட்டியிடம் கேட்பதில் தவறில்லை.

திரும்பும் நாளில் மிஞ்சிய இலங்கை ரூபாயைக் கொழும்பு விமான நிலையத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள். இங்கு அதை வாங்குவோர் அரிது. டாலர் நோட்டுகள் மீந்தால் 2,000 டாலர் வரை கையில் வைத்திருக்கலாம். அதற்கு மேற்பட்டதை நாடு திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும்.