மோதிரவிரலின் பிடிவாதம்

மரக்காணம் உப்பளத்தில் ஆண்டுக்கணக்காகப் பலகை பிடித்து உப்பு வாரியவர், 40 வயதுக்குமேல் கித்தார் கற்க முடியுமா? "கை விறைத்துவிட்டதே!" என்பார் அவர்.

நீங்கள் ஒரு சோதனை செய்யுங்கள். உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்குங்கள். இப்போது மோதிரவிரலைத் தூக்குங்கள். எழவில்லை அல்லவா?

விரல்களை இயக்கும் பெரிய தசைகள் முன்கையில் உள்ளன. தசைநாண்கள் என்னும் கயிறுகளால் அவை விரல்களை இழுக்கின்றன. புறங்கையில் இந்நாண்கள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. இத்தடை எல்லோருக்கும் பொது.

இறுக்கிப் பழகிய கை, தந்தியையும் தேவைக்குமேல் அழுத்தும். ஒலி கெடும்வரை பிடியைத் தளர்த்தி, பிறகு சற்றே அழுத்தினால் போதும். வெதுவெதுப்பான நீர் விறைப்பைக் குறைக்கும். வலித்தால் நிறுத்த வேண்டும். எந்தத் தசையை எப்போது தளர்த்துவது என்பதை மூளையே கற்கிறது. நாற்பதிலும் அது கற்கும்!