வழுக்கையாறும் கமக்காரரும்

மகாவலி கங்கை மத்திய மலைநாட்டிற் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்கு அண்மையிற் கடலோடு கலக்கின்றது. இலங்கையின் மிக நீண்ட ஆறு அதுவே. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ மலையுமில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுமில்லை. மாரிகாலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு இங்கு ஆறெனப் பெயர் பெற்றது. வழுக்கியாறு எனவும் இதனை வழங்குவர். இதற்கு ஊற்றில்லை, மழைநீரே இதன் முதல்.

தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து நிலங்களில் விழும் மழைநீர் தாழ்நிலம் நோக்கித் திரண்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி ஆகிய ஊர்ப்பக்கங்களைக் கடந்து, அராலிக்கு அண்மையிற் கடனீரேரியை அடைகின்றது. வழியிலுள்ள குளங்களும் தரவைகளும் வெள்ளத்தைத் தாங்கி நிற்கின்றன. அராலியிலுள்ள தடுப்பணை உவர்நீர் உட்புகாது காக்கின்றது.

இவ்வாற்று நீர் வயலுக்கு மாத்திரம் உரியதன்று. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளினூடாக இறங்கும் மழைநீர், பாரமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடன்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொது விதி. ஆகவே, மேலே 1 அடி குறையின் கீழிருந்து உவர்நீர் அத்துணை மேலெழும். கோடையில் வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் இறைக்குங் கிணறு உவராவது இவ்வாறே. மாரியிற் குளத்திலே தங்கும் நீர் கோடையிற் கிணற்றுக்கு உதவும். கடலுக்கு விரைந்தோடும் நீர் எவர்க்கும் உதவாது.

நிலத்தடிக்கு இறங்குவது நீர் மட்டுமன்று. மிகையாக இட்ட யூரியாவும் நைத்திரேற்றாகிக் கிணற்றைச் சேரும். குடாநாட்டுத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் அளவினும் அது மிகுந்துள்ளமை ஆய்வுகளாற் புலனாயிற்று. அந்நீர் கைக்குழந்தைகட்குத் தீங்கு பயக்கும்.

ஆதலாற் கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. மாரி தொடங்குமுன் குளங்களையும் வாய்க்கால்களையும் ஊரார் கூடித் தூர் வாருக.
2. ஆற்றுப் படுகையிலும் குளங்களிலும் மண் நிரப்புதலையும் குப்பை கொட்டுதலையும் தவிர்க்க.
3. வயல் வரம்புகளை உயர்த்தி மழைநீரைத் தேக்குக.
4. பசளையைச் சிறு அளவுகளாகப் பிரித்து, பயிருக்கு வேண்டியவாறு இடுக, கூட்டெருவைச் சேர்க்க.
5. பயிருக்குப் போதிய அளவே இறைக்க.

ஆறு சிறிதெனினும் அதன் வழியைக் காப்பவர் தம் கிணற்றையே காப்பவராவர்.