விளக்குக்கு ஒரு பற்றரி வாங்கும்போது

பற்றரியின் அருமையை யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களில் மின்சாரமும் இல்லாமல், பொருளாதாரத் தடையால் டோர்ச் பற்றரியும் வராமல் இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டு, அந்தச் சிறு வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். அன்று கிடைக்காத பொருள் இன்று கடைகளில் பல வகையாக அடுக்கப்பட்டிருக்கிறது. எதை வாங்குவது, வாங்கியதை எப்படிக் காப்பாற்றுவது என்பதைத்தான் எவரும் சரியாகச் சொல்வதில்லை.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பகுதிகளுக்குத் தாம்போதி வழியே மின்கம்பி வந்துவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மக்கள் கடலுக்கு அப்பால் இருப்பதால் நீண்டகாலமாக டீசல் இயந்திரங்களையே நம்பியிருந்தார்கள். இந்த மூன்று தீவுகளிலும் காற்று, சூரிய ஒளி மின் நிலையங்களை அமைக்கும் வேலை 2021இல் ஒரு சீன நிறுவனத்திற்கு என்று முடிவாகி, இந்தியாவின் எதிர்ப்பினால் நின்றது. பின்னர் இந்திய நன்கொடையில் செய்வதென்று 2022இல் உடன்பாடு எட்டப்பட்டு, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்தத் திட்டத்திலும் 2,400 கிலோவாற் மணி அளவுக்குப் பற்றரி சேர்க்கப்பட்டுள்ளது. வெயில் பகலில்தான், விளக்கு இரவில்தான் என்பதால் இடையில் சேமித்து வைக்க ஒன்று வேண்டும். தீவு முழுவதற்கும் இதே கணக்கு, ஒரு சிறு வீட்டிற்கும் இதே கணக்கு.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் முடிவில் நாடு முழுவதும் 13 மணிநேரம் வரை மின்வெட்டு. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. கணவரை இழந்து, பிள்ளைகளோடு தனித்து வாழும் ஒரு தாய்க்கு முற்றத்தில் எரியும் ஒரு பல்ப் பாதுகாப்பும்கூட. அதற்காக நகையை அடகு வைத்தோ சீட்டு எடுத்தோ வாங்கும் பற்றரி ஒரு வருடத்தில் செத்துப்போனால் அந்த நட்டத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

கார்ப் பற்றரி வேண்டாம்

கடையில் மலிவாகக் கிடைப்பது வாகனப் பற்றரிதான். அது ஓரிரு விநாடிக்குப் பெரிய மின்னோட்டத்தைக் கொடுத்து இயந்திரத்தைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. அதற்காக உள்ளே மெல்லிய ஈயத் தகடுகளை நிறைய வைத்திருப்பார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அது உடனே மறுபடி சார்ஜ் ஆகிவிடும். அதே பற்றரியில் இரவு நான்கைந்து மணிநேரம் விளக்கெரித்து அடிமட்டம் வரை இறக்கினால் தகடுகள் உதிர்ந்துபோகும்.

வீட்டு விளக்குக்கு ஏற்றது ‘டீப் சைக்கிள்’ என்ற வகை. இதன் தகடுகள் தடிப்பானவை. மெதுவாகக் கொடுத்து மெதுவாக வாங்கும். வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சுற்றுலா வண்டி வீடுகளிலும் இதைத்தான் வைக்கிறார்கள். ‘ரியூபுலர்’ என்று எழுதியிருப்பதும் இந்த வகைதான், அதில் உறுதி கூடியது. ஒரே அளவுள்ள இரண்டைத் தூக்கிப் பார்த்தால் பெரும்பாலும் இது பாரமாக இருக்கும்.

எவ்வளவு பெரியது வேண்டும்? மூன்று 7 வாற் எல்.ஈ.டி. பல்ப் நான்கு மணிநேரம் எரிந்தால் 84 வாற் மணி. இரண்டு கைத்தொலைபேசிக்கு 20. 15 வாற் சிறு மின்விசிறி ஐந்து மணிநேரம் சுற்றினால் 75. எல்லாம் ஏறக்குறைய 180. இதை 12 வோல்ற்றால் பிரித்தால் ஒரு இரவுக்கு 15 அம்பியர் மணி. மழை மூட்டத்திற்காக இரண்டு நாள் என்று வைத்தால் 30. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆகவே 60 அம்பியர் மணிப் பற்றரி வாங்க வேண்டும். சூரியத் தகடு 80 வாற்றுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. கார்த்திகை, மார்கழி மாரியில் வெயில் காணாது. அந்த மாதங்களில் மின்விசிறியை நிறுத்தி விளக்கையும் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும். சோற்றுப்பானையும் இஸ்திரிக்கைப் பெட்டியும் இந்தக் கணக்குக்குள் வரவே மாட்டாது.

இப்போது லித்தியம் பற்றரியும் வருகிறது. ‘லித்தியம் அயன் பொஸ்பேற்’ என்ற வகைதான் வீட்டுக்கு உகந்தது. பாரம் குறைவு, தண்ணீர் விடத் தேவையில்லை, நூற்றுக்கு எண்பது வரை இறக்கலாம், ஆயுளும் கூட. முதலில் போடும் காசுதான் அதிகம். சார்ஜ் கொன்ரோலரும் லித்தியத்திற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பழைய ஈயப் பற்றரியின் கொன்ரோலரில் அப்படியே பூட்டிவிடக் கூடாது. பெயரில்லாத மலிவுப் பெட்டிக்குள் பாவித்துக் கழித்த கலங்கள் இருக்கலாம். உத்தரவாத அட்டையில் திகதியும் கடை முத்திரையும் இல்லாவிட்டால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வாங்காதீர்கள். ஈயப் பற்றரி என்றால் தயாரித்த திகதியையும் பாருங்கள். பல மாதம் சார்ஜ் ஏற்றாமல் தட்டில் கிடந்தது வரும்போதே பாதி பழுது.

சிவப்பு லைற் எரியும்போது

இலங்கையில் 1997 தொடக்கம் 2011 வரை மின்கம்பி போகாத கிராமங்களில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளுக்கு உலக வங்கி உதவித் திட்டங்களினூடாக சூரிய மின் தொகுதிகள் கிடைத்தன. பெரும்பாலும் கடனுக்குத்தான். சூரியத் தகடு இருபது வருடத்திற்கு மேல் உழைக்கும். பற்றரி சில வருடங்களில் மாற வேண்டியது. கடன் கட்டி முடிகிற நேரம் பற்றரியும் முடிந்தால் அந்தக் குடும்பம் மறுபடி குப்பி விளக்கிற்குத்தான் போகும். ஆகவே முதல் மாதத்திலிருந்தே அடுத்த பற்றரிக்கென்று சிறு தொகையைப் புறம்பாகப் போட்டு வாருங்கள்.

பற்றரியைக் கொல்வது பெரும்பாலும் வீட்டு ஆட்கள்தான். கொன்ரோலரில் சிவப்பு லைற் எரிந்து மின்சாரம் தானாக நிற்கும். நல்ல நாடகத்தின் நடுவில் ரீவி நின்றுவிட்டது என்று, கொன்ரோலரைத் தவிர்த்துப் பற்றரியிலிருந்து நேரே வயர் இழுத்துக் கொடுப்பார் ஒருவர். உதவி செய்வதாகத்தான் நினைப்பார். அந்தச் சிவப்பு லைற் ‘இனி எடுத்தால் நான் செத்துவிடுவேன்’ என்று பற்றரி சொல்வது. இறங்கிய நிலையில் நாட்கணக்கில் விட்டால் தகட்டில் வெள்ளையாக உப்புப் படிந்து இறுகும். பிறகு என்ன செய்தாலும் பழைய பலம் திரும்பாது.

ஒரு சிறிய மல்ரி மீற்றர் இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காலையில் வெயில் ஏறுமுன், விளக்கெல்லாம் அணைத்திருக்கும்போது அளவுங்கள். 12.6 வோல்ற் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் அன்று இரவு சிக்கனம். (இந்த எண்கள் ஈயப் பற்றரிக்கு மட்டும்.) மாதர் சங்கத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு மீற்றர் வாங்கினால் போதும்.

மூடி திறக்கும் பற்றரிக்கு மாதம் ஒரு தடவை தண்ணீர் பாருங்கள். தகடு மூடி அதற்கு மேல் சற்று நிற்க வேண்டும். வாய்வரை நிரப்ப வேண்டாம். பற்றரிக்கென்று விற்கும் காய்ச்சி வடித்த நீரை மட்டும் விடுங்கள். தீவுக் கிணற்றுத் தண்ணீர் உவர். கடல்நீரைச் சுத்திகரித்துத் தரும் தண்ணீர் குடிக்க நல்லது, பற்றரிக்கு ஆகாது. குறைந்தது தண்ணீர்தான், அமிலம் அல்ல. ஆகவே அசிற் ஒருபோதும் ஊற்ற வேண்டாம்.

எமது உப்புக் காற்றில் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். வயரைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் இறுக்கிப் பூட்டி வாசலின் பூசிவிடுங்கள். சோடாத் தண்ணீர் மூடிக்குள் போகக் கூடாது. இந்த வேலைக்கு முன் உலோக வளையலையும் நீளச் சங்கிலியையும் கழற்றி வையுங்கள். இரண்டு முனையிலும் ஒன்றாகப் பட்டால் பழுக்கக் காய்ந்து தோலைப் பொசுக்கிவிடும். நேர்முனை வயரில், பற்றரிக்கு அருகிலேயே ஒரு பியூஸ் இருக்க வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளிவரும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். அதனால் குசினியிலும் சாமி விளக்குக்குப் பக்கத்திலும் கட்டிலுக்குக் கீழும் வைக்காமல், வெயில் படாத, காற்றோட்டமான மூலையில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சீமெந்துத் தரை சார்ஜை உறிஞ்சும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிப் பற்றரிக்கு அது பொருந்தாது. ஆனாலும் ஈரம் படாதிருக்க ஒரு பலகை நல்லதுதான். வெக்கை மட்டும் மெய்யான எதிரி. தகரக் கூரைக்குக் கீழே வைத்த பற்றரி நெடுநாள் நிற்காது.

குறிகட்டுவானிலிருந்து படகில் கொண்டுபோகும்போது நிமிர்த்தியே வைத்து, முனைகளைத் துணியாலோ ரேப்பாலோ மூடுங்கள். அமிலம் உடம்பில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணிநேரம் விடாமல் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செத்த பற்றரி

கடற்றொழில் ஊர்களில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பழைய பற்றரியை உடைத்து, ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பது கைச்செலவை மிச்சப்படுத்தும் வேலையாகத் தெரியும். செனகல் நாட்டின் தலைநகர் டக்காரில் தியாரோய் என்ற மீனவப் பகுதியில், பற்றரி ஈயத்தை எடுத்து விற்கும் தொழிலால் மண்ணெல்லாம் ஈயத் தூசு பரவி, 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். சிறு அளவு ஈயம்கூடப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் குறைக்கும். கர்ப்பிணியின் உடம்பிலிருந்து சிசுவுக்கும் போகும். அந்தத் தூசு உடுப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும், துவைப்பவர் கையிலும் ஏறும்.

பழைய பற்றரியை உடைக்காமல் முழுதாகக் கடைக்குக் கொண்டுபோங்கள். புதியது வாங்கும்போது அதற்கு விலை கழித்துத் தருவார்கள். எவ்வளவு கழிப்பார்கள் என்று வாங்க முன்னரே கேட்டு, இரண்டு மூன்று கடையில் விசாரித்துப் பேசிக்கொள்ளுங்கள்.