தவிலின் முழக்கமும் பாட்டியின் குரலும்

சென்ற பொங்கலன்று நம் அஜ்னி ரயில்வே குடியிருப்புக் கூடத்தில் நடந்த கும்மியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எழுபத்தைந்து வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, பெண்டிர் பின்பாட்டுப் பாட, தவில் உடன் முழங்கிற்று. இரண்டு பாட்டுக்களைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டோம். சித்திரையில் அம்மூதாட்டியின் மகன் பணி ஓய்வு பெற்று, குடும்பத்தோடு மன்னார்குடிக்குத் திரும்பிவிட்டார். அப்பாட்டுக்களை மறுமுறை பாடச் சொல்லிக் கேட்க இனி வழியில்லை. பதிவைப் போட்டுக் கேட்டபோதோ நெஞ்சு சோர்ந்தது. தவில் மட்டும் அதிர்கிறது. பாட்டியின் குரல் அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல் இருக்கிறது.

ஒலியைக் கூட்டினால் தீர்ந்தது என்று எண்ணினோம். "கூட்டுவதற்கு இடமில்லை, மாமா" என்றான் செயலாளரின் இளைய மகன். கல்லூரி மாணவன், கணினியில் இசை சேர்ப்பதில் பழக்கமுள்ளவன். இடமில்லை என்றால் என்ன பொருள் என்பதை அன்று மாலைதான் அறிந்தோம்.

கணினியில் ஒலி என்பது வெறும் எண்களே. இசைக் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை ஒலியலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கிறார்கள். உச்சிப் படிக்கு 0 டெசிபல் என்று பெயர். அதற்குமேல் படியே கிடையாது. தவிலில் விழும் அடி அவ்வுச்சியைத் தொட்டு, நொடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் இறங்கிவிடுகிறது. அந்தக் கண்ணிமைப் பொழுதின் பொருட்டு மற்ற ஒலி முழுவதும் தாழ்ந்தே கிடக்கிறது. லெவல் கிராஸிங்கின் இருபுறமும் நிற்கும் உயரத் தடுப்பை நாம் நாள்தோறும் காண்கிறோம். வைக்கோல் ஏற்றிய லாரியில் நாலு தாள் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தால், அதற்காகப் பாரம் முழுவதையும் குறைப்பார் உண்டோ? நீட்டியதை நறுக்கிவிட்டால் வண்டி போய்விடும்.

அவ்வாறு நறுக்கும் கருவிக்குத்தான் கிளிப்பர் என்று பெயர். ஒலிப்பதிவு மென்பொருளோடு பொருத்திக்கொள்ளும் சிறு செருகுநிரல் அது. ஜிவிஎஸ்டி என்னும் பெயரில் வெளிவந்துள்ள ஜிகிளிப், வென் ஆடியோவின் ஃப்ரீகிளிப் ஆகியவை காசின்றிக் கிடைப்பவை. செய்தவர்களுடைய தளத்திலிருந்தே இவற்றை இறக்கிக்கொள்க. கண்ட இடத்தில் எடுத்தால் இலவசத்தோடு வேறு பீடைகளும் வரும். பொருத்துவதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசமே.

லிமிட்டர் என்ற மற்றொரு கருவி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். முதலில் அதையே முயன்றோம். உச்சம் வரும்போது அது ஒலி முழுவதையும் சற்று அமுக்கிப் பிறகு மெல்ல விடுகிறது. குரலும் தவிலும் ஒரே ஒலிவாங்கியில் கலந்து பதிவானவை ஆதலால், ஒவ்வோர் அடிக்கும் பாட்டியின் குரல் பதுங்கிப் பதுங்கி எழுந்தது. கிளிப்பரோ உச்சியை மட்டும் வெட்டுகிறது; அடுத்த கணத்தில் உள்ளதைத் தொடுவதில்லை.

பையன் ஜிகிளிப்பைத் திறந்து கெயினை 6 டெசிபல் உயர்த்தினான். 6 டெசிபல் என்றால் அலையின் உயரம் ஏறத்தாழ இரு மடங்கு. வெட்டும் வரம்பை உச்சிக்கு 1 டெசிபல் கீழே வைத்தான். பின்னர் எம்பி3 ஆக மாற்றும்போது அலை சிறிது பொங்கும், அதற்கு இடம் வேண்டும் என்றான். சாஃப்ட்னெஸ் என்னும் திருகைச் சற்றுக் கூட்டினால் வெட்டுவாய் கூர்மையின்றி வளைந்து அமைகிறது. ஓவர்சாம்பிளிங் என்பதையும் இயக்கிவைத்தான். வெட்டும்போது புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றனவாம். கணினியின் அளவெல்லைக்கு மேலே சென்றவை மடங்கிக் கீழே வந்து பொருந்தாத ஒலியாகக் கேட்குமாம். அம்மடிப்பைப் பெரிதும் குறைப்பது இது.

கேட்டோம். பாட்டி கூடத்திற்குள் வந்துவிட்டார்! தவிலின் அடியிலோ குறை தெரியவில்லை. அடியே ஒரு வெடிப்பொலி ஆகையால், வெட்டினால் பிறக்கும் கரகரப்பு அதனுள் மறைந்துவிடுகிறது.

ஆசை யாரை விட்டது? "இன்னும் 6 ஏற்று, தம்பி" என்றோம். ஏற்றினான். ஆகா, முன்னிலும் நன்று என்றே பட்டது. அவன் சிரித்துக்கொண்டு, இரண்டையும் ஒரே உரப்பில் வைத்து மாற்றி மாற்றிப் போட்டான். அப்போது குட்டு வெளிப்பட்டது. உரத்துக் கேட்பதெல்லாம் காதுக்கு நல்லதாகவே தோன்றும்; உரப்பைச் சமமாக்கியதும், பாட்டி நீட்டிப் பாடிய இடமெல்லாம் கிழிந்த ஒலிபெருக்கிபோல் கரகரத்தது. தவில் அடி கணத்தில் மறைவது. நீண்டு நிற்கும் குரலை வெட்டினால் நொடிதோறும் வெட்டு விழுந்துகொண்டே இருக்கும். நாதசுரத்திற்கும் இதே கதிதான். மேலும் யூடியூப் போன்ற இடங்களில் மிகுந்து உரத்த ஒலியை அவர்களே தாழ்த்திவிடுகிறார்கள், கரகரப்புத்தான் மிச்சம். 2008இல் வெளிவந்த மெட்டாலிகா குழுவின் டெத் மேக்னெடிக் இசைத்தொகுப்பை இப்படி அளவுமீறி உரப்பாக்கியதற்காக, மறுபடி கலந்து தருமாறு ரசிகர்களே விண்ணப்பம் எழுதினார்கள். பெரியோரும் சறுக்கிய இடம்! பேசாமல் 6க்கே திரும்பினோம்.

இரண்டாம் பாட்டைக் காப்பாற்ற முடியவில்லை. கைப்பேசியைத் தவிலுக்கு அருகிலேயே வைத்திருந்தோம், பிழை நம்முடையதே. பதிவாகும்போதே உச்சியும் உச்சிக்குக் கீழுள்ளதும் சேர்ந்து தட்டையாகிவிட்டன. நாமாக வெட்டினால் எவ்வளவு என்று நிறுத்தலாம். பதிவிலேயே வெட்டுண்டதைக் கிளிப்பர் மீட்பதில்லை. அடுத்த பொங்கலுக்குக் கைப்பேசி பாடுவோர் பக்கமாக, தவிலுக்கு எட்டடி தள்ளி இருக்கும். அளவுமானி உச்சிக்கு 10 டெசிபல் கீழே நிற்கும்படியும் பார்த்துக்கொள்வோம்.

முதற்பாட்டை மன்னார்குடிக்கு அனுப்பினோம். மறுநாளே பாட்டி பேசினார். வாழ்த்துவார் என்று காத்திருந்தோம். "மூணாவது அடியிலே பின்பாட்டுக்காரிகள் சொல்லை மாத்திப் பாடியிருக்காளுகளே, யாருமா அது?" என்று கேட்டார்.